இரண்டாவது தரம்தான் விழும்

பலாபத்வல
12.02.2000

அன்பு மகள் யோகராணிக்கு அம்மா சுந்தரம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். பனிக்கு எனக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. அது பழைய வலிதான், அதை நினைத்துக்கொண்டிருக்காதே. உன் சுகத்தை நாலு வரியாவது எழுது.

மஸீனா போன ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து வந்து சேர்ந்தாள். வந்த களைப்போடு மாத்தளை டவுனிலிருந்து ஓட்டோ பிடித்து, நீ கொடுத்துவிட்ட பையை நம் காம்பரா வாசலுக்கே கொண்டுவந்து தந்தாள். நல்ல மனுசி. சோப்பு ஆறு, தைலம் இரண்டு, எனக்குச் சால்வை, தர்சினிக்குச் சட்டை, எல்லாம் உன் பட்டியலில் இருந்தபடி சரியாக இருந்தன. சட்டை ஒரு சுற்றுப் பெரிது. பதினொரு வயதுப் பிள்ளைதானே, வளர்ந்துவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துவாயில் சுற்றி அந்த விளையாட்டு மெசின் இருந்தது. உள்ளங்கை அளவு, ஊதா நிறம், நடுவில் சின்னக் கண்ணாடி. பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு குதித்த குதியில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலை உடைந்திருக்கிறது. பின்பக்கம் ஆணியால் கீறிய அரபு எழுத்து. கடையில் வாங்கிய சாமான் இல்லையென்று எனக்கே தெரிகிறது. யாருடையது, மகளே? பட்டியலில் சோப்பைக்கூட எண்ணி எழுதியிருக்கிறாய். மெசினை மட்டும் எழுதவில்லை.

மறக்காமல் பதில் போடு. வெயிலில் தலையை மூடிக்கொள்.

உன் அம்மா
சுந்தரம்மா

குவைத்
04.03.2000

அன்புள்ள அம்மாவுக்கு மகள் ராணி எழுதுவது. நான் சுகம். நீங்களும் தர்சினியும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். முழங்காலுக்கு அந்தத் தைலத்தைப் போடுங்கள், அதற்குத்தான் அனுப்பினேன்.

எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டு சுளுக்கி வீங்கியிருக்கிறது. குளியலறையில் வழுக்கிவிட்டது. இப்போது பரவாயில்லை.

மெசின் இந்த வீட்டுப் பிள்ளை விளையாடியது. பழைய சாமான். பட்டியலில் எழுத மறந்துவிட்டேன். தர்சினி விளையாடட்டும். ஆனால் வெளியே ஆட்களுக்குக் காட்ட வேண்டாம். பெட்டரி போடும்போது கவனமாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதை அழித்துவிட வேண்டாமென்றும் சொல்லுங்கள்.

கடிதங்களை எப்போதும்போல இந்த வீட்டு டிரைவர் யாகூப் நானாவின் தபால் பெட்டி இலக்கத்துக்கே போடுங்கள். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம்.

பிள்ளைக்கு என் முத்தம்.

ராணி

பலாபத்வல
27.03.2000

அன்பு மகள் ராணிக்கு அம்மா. இங்கே எல்லோரும் சுகம். மாத்தளைத் தேர் நன்றாக நடந்தது. உன் பெயருக்கு ஒரு அர்ச்சனை வைத்தேன். உன் மணிக்கட்டு எப்படி? வழுக்கி விழுந்தால் இடுப்பில்தான் அடிபடும். உனக்கு மணிக்கட்டில் பட்டிருக்கிறது. கவனம்.

உன் கடிதத்தைப் பெரட்டுக் களத்தில்தான் வாங்கினேன். காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னால் தப்பால்காரர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பது உனக்குத் தெரியாததா? வாச்சர் மாணிக்கவாசகம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னா சுந்தரம்மா, ஒம் மக மெசின் மெசினா அனுப்புறாளாமே? அடுத்த மாசம் கார் வருமா?" நானும் விடவில்லை. "வந்தா ஒங்களத்தான் டிரைவரா போடுவேன்" என்றேன்.

ஆனால் எனக்குள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. போன சனிக்கிழமை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன். காட்டு மிருகங்களைப் பிடித்து வளர்த்து ஒன்றோடொன்று சண்டைக்கு விடுகிற ஆட்டம். சேவல் சண்டை மாதிரித்தான். அதில் ஒரு வெள்ளைப் பறவை, நெருப்புக் கொண்டை.

"இதுதான் அம்மாயி செரகோன். ஆட்டம் முழுக்கத் தேடினாலும் ஒன்னே ஒன்னுதான் இருக்கும்."

"அப்பிடி என்னா பெரிய கழுகு? நம்ம தோட்டத்துல இல்லாத கழுகா?"

"ஐயோ, கழுகு இல்ல! இதுக்குன்னு சொந்தமா ஒரு அடி இருக்கு, சன்ஃபோல்னு. வேற எதுக்குமே அது வராது. இப்ப பாருங்க."

நாம் ஒரு தரம், எதிராளி ஒரு தரம் என்று மாறி மாறி அடிக்க வேண்டுமாம். எதிரே மலை மாதிரி ஒரு பல்லி. பிள்ளை பொத்தானை அமுக்கினாள். பறவை சிறகை மடக்கிக்கொண்டு சும்மா நின்றது. பல்லி அதை அறைந்தது. "ஒம் பறவ செத்துப்போச்சுடி" என்றேன். "சாகல அம்மாயி. முதல் தரம் சும்மாதான் நிக்கும், வெளிச்சத்த சேத்துக்கிட்டே அடி வாங்கும். ரெண்டாவது தரம்தான் விழும்." அப்படியே ஆனது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, மறுபடி தெரிந்தபோது பல்லியைக் காணோம். ஐந்து தரம்தான் அப்படி அடிக்க முடியுமாம், பிறகு தூங்க வைக்க வேண்டுமாம்.

பிறகுதான் மேலே இங்கிலீசில் ஒரு பெயரைக் காட்டினாள். ஃபஹத். பறவையைப் பிடித்த பையன். பக்கத்தில் எழுபத்துமூன்று மணித்தியாலம் என்று இருந்தது. அவன் அவ்வளவு நேரம் விளையாடி இதைப் பிடித்திருக்கிறான். எட்டு மணித்தியால வேலைக்கு ஒரு நாள் பேர் என்ற தோட்டக் கணக்கில் எனக்கு அது ஒன்பது நாள் பேர். ஒன்பது நாள் வேலையை எந்தப் பிள்ளை சும்மா தூக்கிக் கொடுக்கும்? பழைய சட்டையைக் கொடுப்பார்கள், பழைய சப்பாத்தைக் கொடுப்பார்கள். இதைக் கொடுப்பார்களா?

மஸீனாவிடம் கேட்டேன். "அத ராணிக்கிட்டயே கேளுங்கக்கா" என்றாள். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

நான் உன்னிடமே கேட்கிறேன்.

அம்மா

குவைத்
19.04.2000

அன்புள்ள அம்மாவுக்கு. வருசப் பிறப்பு வாழ்த்து. நான் சுகம். இங்கே இப்போதே வெயில் சுடுகிறது. கை நன்றாகிவிட்டது.

பலகாரம் சுட்டீர்களா? இங்கே எனக்குத் திருநாள் ஏது. ஃபஹத் என்ற பையனுக்கு ஒன்பது வயது. என் கையால் பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடுவான். அவனுக்கு இப்போது வேறு புது மெசின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அம்மா, இனி அதைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்கக்கூடாத காரணம் இருக்கிறது.

பறவை நன்றாக இருக்கிறதா என்று தர்சினியிடம் கேட்டு எழுதுங்கள். ஒருவருக்குச் சொல்ல வேண்டும்.

ராணி

பலாபத்வல
08.05.2000

மகள் ராணிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். "கேட்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறாய். "கொடுத்தார்கள்" என்று எங்கேயும் எழுதவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு தாளில் என்ன இல்லை என்று எனக்கு வாசிக்கத் தெரியும்.

முப்பத்துநாலு வருசம் இந்தத் தோட்டத்தில் மிளகு பறித்திருக்கிறேன், சாதிக்காய் பொறுக்கியிருக்கிறேன். அந்திக்கு வேலை விட்டதும் பொம்பளைகள் வரிசையாக நின்று வாச்சர் முன்னால் மடியை உதறிக் காட்ட வேண்டும். நீயும் சின்னப் பிள்ளையாக என் சீலையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவள். அவர் "உதறு" என்று ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்னே நான் உதறிவிடுவேன். ஒரு மிளகு விழுந்தது கிடையாது. அதனால்தான் உன் புருசன் கணபதி லொறியில் அடிபட்டுப் போன பிறகு நீ கைக்குழந்தையோடு வந்து நின்றபோது, ஒரு சொல் கேட்காமல் தோட்டத்துத் தொரை உனக்கும் பேர் போட்டு வேலை கொடுத்தார். சுந்தரம்மா மகள் என்ற ஒரு பேச்சில்.

அங்கே திருட்டென்றால் மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று மஸீனாவே சொல்லியிருக்கிறாள். பிள்ளை ஆசைப்படுவாளே என்று ஒரு நிமிசம் கை நீண்டிருந்தால் என்னிடம் சொல். அடிக்க மாட்டேன். தந்தார்களா, எடுத்தாயா? ஒரே சொல்லில் எழுது.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்வேன்.

அம்மா

குவைத்
01.06.2000

அம்மாவுக்கு. நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன் என்று முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை வாசித்துப் பயந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை யாகூப் நானா போன வாரம்தான் தந்தார். நீங்கள் ஒரு சொல் கேட்டீர்கள். எனக்கு ஒரு சொல் போதாது.

மணிக்கட்டு குளியலறையில் சுளுக்கியதில்லை. ஜனவரிக் கடைசியில் ஒருநாள் வீட்டுக்கார மெடத்தின் உடுப்பில் இஸ்திரிப்பெட்டியின் தடம் விழுந்துவிட்டது. அவ என் கையை அலுமாரிக் கதவுக்குள் வைத்துச் சாத்தினா. அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறா. நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பலாபத்வலையிலிருந்து பஸ் ஏறி வருவீர்களா?

ஃபஹத் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று பின்னேரம் குசினிக்கு வந்து மெசினை என் மடியில் போட்டான். "நீ வெச்சுக்கோ. இது அடி வாங்கும், ஆனா அதோட முடியாது" என்று அவன் பாசையில் சொன்னான். நான் வேண்டாமென்றேன். அழுதான். என் அறையில் அது இருந்தால் திருட்டுத்தான். அதனால், "ஊரில் எனக்கொரு மகள் இருக்கிறாள், அவள் வைத்திருக்கட்டுமா?" என்று கேட்டேன். தலையாட்டினான். தாயிடம் தொலைத்துவிட்டதாகச் சொன்னான். அந்த வாரம் மஸீனா புறப்பட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். உங்களிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டது நான்தான்.

தந்தார்கள், அம்மா. தந்தது ஒரு சின்னப் பிள்ளை, ஒளித்துத் தந்தது. இந்த வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் அவன் வாயைத் திறக்கும் முன்னே என்னைப் பொலிசில் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு மறியலை விட, நீங்கள் கேட்ட கேள்விதான் வலித்தது.

ராணி

பலாபத்வல
06.06.2000

மகள் ராணிக்கு அம்மா. பிள்ளை சுகம். நானும் சுகம்.

மாதம் முடிந்தும் உன் பதில் வரவில்லை. பதில் வராததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். மெசினை நேற்று அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். நீ போகும்போது ஏஜென்சிக்காரர்கள் தந்த தாளில் வீட்டு விலாசம் இருந்தது.

மாத்தளையில் டைப்ரைட்டரில் பெட்டிசம் அடிக்கிற அப்துல் ஸமத் நானாவிடம் போய் இங்கிலீசில் ஒரு கடிதம் அடித்து வாங்கினேன். "மரியாதைக்குரிய அம்மணி, என் மகள் அறியாமல் உங்கள் பிள்ளையின் சாமானை எடுத்துவிட்டாள். அதைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அவளை மன்னித்து வேலையில் வைத்துக்கொள்ளவும்." அடித்து முடித்துத் தாளை உருவாமல் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, பேச்சுன்னா காத்தோட போயிரும். எழுத்து அங்கயே நின்னு பேசும். மககிட்டேருந்து ஒரு பதில் வரட்டுமே" என்றார். "கேக்குறதுக்கு முன்னுக்கே மடிய ஒதறிக் காட்டுறவங்க நாங்க நானா" என்றேன். கையெழுத்தை நானே போட்டேன்.

தபால் கந்தோரில் பெரிய கரைச்சல். யுத்த காலம், பெட்டரி போட்ட சாமான், அதுவும் தமிழ்ப் பொம்பளை கையில். பொலிஸ்காரர் ஒருவர் வந்து ஐடென்டிட்டி கார்டை வாங்கிக்கொண்டு, "மொகத்த மே?" என்று, இது என்னவென்று, அதைத் தூரத்திலேயே வைத்துக் கேட்டார். நான் கொச்சைச் சிங்களத்தில் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. கடைசியில் தர்சினி அதை வாங்கிப் போட்டுக் காட்டினாள். பாட்டுச் சத்தத்தோடு பறவை வந்ததும் அவர் சிரித்துவிட்டார். இரண்டு நிமிசம்கூட இல்லை.

ஆனால் பிள்ளை நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சரியாகிவிடுவாள். பெரட்டுக் களத்தில் கேட்டவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிவிட்டேன்: மகள் ஒரு தப்புச் செய்தாள், நான் திருத்திவிட்டேன் என்று. இனி யாரும் முதுகுக்குப் பின்னால் பேச முடியாது. நீ நிமிர்ந்து வேலை செய்.

அம்மா

பலாபத்வல
22.06.2000

ராணி, நீ சுகமா? சுகம் என்று எழுது.

உன் ஜூன் முதலாம் திகதிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பெரட்டுக் களத்திலேயே பிரித்து, நின்ற இடத்திலேயே வாசித்தேன். அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் தபால் கந்தோருக்கு ஓடினேன். பார்சல் பதினோராம் திகதியே கப்பலுக்குப் போய்விட்டதாம். "போனதைக் கூப்பிட முடியாதா?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பாவம் பார்த்து, முடியாதென்று தலையாட்டினாள். கப்பல் பார்சல் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். இந்தக் கடிதம் அதற்கு முன்னே உன் கையில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் அந்தப் பார்சலை யாகூப் வாங்கிக்கொள்ள ஏதாவது வழி பார்.

நீயும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். அடித்தார்கள் என்று எழுதுவதில் என்ன வெட்கம்? எனக்கு எப்படித் தெரியும்? இப்படி மூடி மூடி எழுதினால் பெத்தவள் வேறு என்ன நினைப்பாள்?

கையைப் பார்த்துக்கொள்.

அம்மா

பலாபத்வல
02.07.2000

அன்புள்ள அம்மாவுக்கு தர்சினி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா? தவணைப் பரீட்சையில் நான் ஏழாம் பிள்ளை.

அம்மாயிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முத்திரைக் காசு மஸீனா அன்ரி தந்தா. அம்மாயி இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் அவவோடு பேசுவதில்லை. சோறு போட்டுத் தந்தால் சாப்பிடுவேன், பேச மாட்டேன்.

செரகோன் நன்றாக இருக்கிறது. எண்பத்தெட்டாம் படிக்கு ஏற்றிவிட்டேன். அனுப்புவதற்கு முதல் நாள் தூங்க வைத்தேன், ஐந்து அடியும் முழுசாக இருக்கிறது. ஃபஹத்தின் பெயரை நான் அழிக்கவில்லை.

இன்னொன்று. பெட்டரி மூடிக்குள் ஒரு சின்னத் தாள் மடித்து வைத்திருக்கிறேன். இங்கிலீசில் எழுதினேன். "ஃபஹத், பறவையைத் தந்ததற்கு நன்றி. இதை நான் நன்றாக வளர்த்தேன்." நீங்கள் எடுத்தீர்கள் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

உங்கள் மகள்
தர்சினி

பலாபத்வல
29.07.2000

மகள் ராணிக்கு. நீ சுகமாக இருக்க வேண்டும்.

தப்பால்காரர் தினமும் பெயர் வாசிக்கிறார். என் பெயர் இல்லை. யாகூப்பிடமிருந்தாவது ஒரு வரி வரக்கூடாதா? மஸீனாவும் தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

வெறும் தாளென்றாலும் மடித்துப் போடு. உன் கையால் எழுதிய விலாசத்தைப் பார்த்தால் போதும்.

அம்மா

குவைத்
06.08.2000

அம்மாவுக்கு ராணி எழுதுவது. நான் சுகம். யாகூப் நானாவுக்கு ஒரு மாதமாகத் தபால் பெட்டிப் பக்கம் போக முடியவில்லையாம்; தர்சினியின் கடிதமும் உங்கள் ஜூன் மாதக் கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன, எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

பார்சல் ஜூலை இருபதாம் திகதி, வியாழக்கிழமை வந்தது. யாகூப் நானா வெளியே போயிருந்தார். மெடமே வாங்கிப் பிரித்தா. கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டா. நான் ஒன்றும் சொல்லும் முன்னே தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்தா. "உன்னைப் பெத்தவளே எழுதியிருக்கா, நீ கள்ளியென்று. இனி எனக்கு எதற்குச் சாட்சி?"

ஃபஹத்தைக் கூப்பிட்டுக் கேட்டா: "இது தொலைந்ததா, இவள் எடுத்தாளா?" அவன் என்னைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றான். ஒன்றுமே சொல்லவில்லை, அம்மா. நான் அவனைக் கோபிக்கவில்லை. ஒன்பது வயது. மெசினைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். என்னை உடுப்புத் துவைக்கும் அறையில் வைத்துப் பூட்டினார்கள். மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பொலிசுக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பையனின் பாட்டனாரும் சித்தப்பாமாரும் சாப்பிட வருகிற நாள். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஃபஹத் எழுந்து நின்றானாம். மெசின் வேலை செய்யாததால் பெட்டரி மாற்ற மூடியைத் திறந்திருக்கிறான், தர்சினியின் தாள் இருந்திருக்கிறது. அதைப் பாட்டனார் கையில் கொடுத்துவிட்டு, "நான்தான் தந்தேன். எங்க உம்மா ராணியோட கையை அலுமாரியில் வைத்து நசுக்கினாங்க. அதனால் தந்தேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்று எனக்குப் பதிலாகப் பரிமாறிக்கொண்டிருந்த யாகூப் நானாதான் இதையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்.

பூட்டைத் திறந்து என்னைக் கூட்டிப்போனார்கள். பெரியவர் என் மணிக்கட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அது இன்னும் நேராக இல்லை, நன்றாகிவிட்டது என்று உங்களுக்கு எழுதியதும் பொய்தான். அவர் மெடத்தைப் பார்க்கவே இல்லை. கடவுச்சீட்டை எடுத்து வரச் சொன்னார். சம்பளத்தைத் தந்து, செப்டெம்பர் பதினாலாம் திகதி விமானத்தில் இடம் போட்டிருக்கிறார். அதுவரை நான் அவர் வீட்டில் இருக்கிறேன். ஃபஹத் மெசினை மறுபடியும் தந்துவிட்டான், இந்த முறை எல்லோரும் பார்க்க.

அம்மா, தபால் கந்தோர்ப் பொலிஸ்காரர் இரண்டு நிமிசத்தில் நம்பினார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். தர்சினி கேட்காமலே நம்பினாள். நீங்கள் முப்பது வருசம் வளர்த்தவள் நான். தோட்டம் முழுக்க என்னைக் கள்ளியென்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்தக் களத்தில் நான் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

உக்குவலையில் மஸீனாவின் தங்கச்சி வீட்டில் ஒரு அறை இருக்கிறதாம். தர்சினியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடலாமென்று இருக்கிறேன்.

அந்தப் பையன் முதல் தரம் சும்மா நின்றான். இரண்டாவது தரம் அவனுக்கு வந்தது. உங்களுக்கு?

ராணி

பலாபத்வல
26.08.2000

மகள் ராணிக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக வந்து சேர வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பதில் எழுத ஒருநாள் பொறுத்தேன், எழுதும் முன் செய்ய வேண்டியது இரண்டு இருந்தது.

நேற்று அந்திக்கு மிளகு நிறுத்துவிட்டு, பெரட்டுக் களத்தில் மடி உதறும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மாணிக்கவாசகம், "நீ போ சுந்தரம்மா, ஒம் மடிய நான் பாக்கணுமா?" என்றார். "பாருங்க" என்றேன். சீலை மடியை அவிழ்த்து எல்லோருக்கும் தெரிய உதறினேன். ஒரு மிளகும் விழவில்லை.

"விழுந்திருச்சு. எல்லாரும் பாத்துக்கங்க" என்றேன்.

அவர் குனிந்து தரையைத் தேடினார். "என்னாம்மா விழுந்துச்சு? ஒன்னயும் காணோமே."

"எம் மக திருடிட்டான்னு இதே களத்துல நின்னு சொன்னேன்ல, அதுதான். அவ திருடல. அடி வாங்கிக்கிட்டு இருந்தவ அவ. அவள அடிச்சவங்களுக்கே அவ கள்ளின்னு எழுதிக் குடுத்தது நான். அது என் கையெழுத்து. முப்பத்துநாலு வருசத்துல என் மடியில இருந்து விழுந்த களவு அது ஒன்னுதான்."

யாரோ ஒருத்தி வாய்க்குள் சிரித்தாள். சிரிக்கட்டும். மாணிக்கவாசகம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சரி போம்மா, போ" என்றார். வரிசை என்னைச் சுற்றி வளைந்து போனது.

இன்று காலை மாத்தளைக்குப் போனேன். முதல் கடிதம் பொய்யென்று அந்த வீட்டுப் பெரியவருக்கு இன்னொரு கடிதம் அடித்துத் தரச் சொன்னேன். ஸமத் நானா ஒன்றும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை. "இதுவும் நின்னு பேசட்டும்" என்று மட்டும் சொன்னார். அதன் கார்பன் பிரதி இத்தோடு இருக்கிறது. நாளைக்கு எவனாவது உன்னைக் கேட்டால் காட்டு.

உக்குவலைக்குப் போவதென்றால் போ. தர்சினியின் உடுப்பு, கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் மடித்து வைத்துவிட்டேன். விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன். வந்தால் அத்தனை பேர் முன்னால் நீ என்னைக் கட்டிக்கொள்ள வேண்டியதாகிவிடும். உனக்கு அந்தக் கட்டாயம் வேண்டாம். மாத்தளை ஸ்டாண்டில் இரண்டு ஊருக்கும் பஸ் நிற்கும். எதில் ஏறுவது என்பது உன் இஷ்டம்.

இதோடு முடிக்கத்தான் இருந்தேன். பிள்ளை என்னோடு பேசி எண்பது நாளுக்கு மேலாகிறது. இப்போது என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, "அம்மாயி, இன்னும் விழல" என்றாள்.

"இத்தன பக்கம் எழுதியிருக்கேனே, இன்னும் என்னாடி?"

"களத்துல சொன்னீங்க. அந்த வீட்டுத் தாத்தாவுக்கு எழுதினீங்க. அம்மாவுக்கு எங்க?"

தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தாளில் இல்லாததை வாசிக்கத் தெரிந்தவள் நான், என் தாளில் இல்லாதது எனக்குத் தெரியவில்லை.

ராணி, உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு. என்னை மன்னி.

சுந்தரம்மா